ஒற்றைக் கொடையில் எழுந்த ஆலயம்: ஹேலி ஹில்லும் எட்வர்ட் அக்ராய்டும்

1. கேள்வி

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் நகரம் இருக்கிறது. அந்நகரில் ஹேலி ஹில் என்ற மேட்டில், 236 அடி உயரக் கூர்கோபுரத்தோடு ஓர் ஆலயம் நிற்கிறது. சகல ஆத்துமாக்கள் ஆலயம் என்பது அதன் பெயர். 1856 ஏப்ரலில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1859 நவம்பர் 2-ஆம் நாள், சகல ஆத்துமாக்கள் திருநாளன்றே, பிரதிஷ்டை நடந்தது. 1977-இல் வழிபாடு நின்றது. சேகர ஆலயமாக, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்ட ஊர்ப்பகுதிக்குரிய ஆலயமாக, அது வாழ்ந்தது 118 ஆண்டுகள்தாம்.

முழுச் செலவையும் ஏற்றவர் ஒரே மனிதர். அவர் கம்பளித் துணி ஆலை அதிபர் எட்வர்ட் அக்ராய்டு (1810-1887). செலவு சுமார் ஒரு லட்சம் பவுன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விக்டோரியா காலத்தில் இப்படித் தனியொருவர் கொடையில் எழுந்த ஆலயங்கள் இங்கிலாந்தில் ஏராளம். அவற்றின் வரலாறு பெரும்பாலும் கொடையாளரின் புகழுரையாகவோ கட்டடக் கலையின் வருணனையாகவோ எழுதப்படுகிறது. இரண்டுமே பிரதிஷ்டை நாளோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்த ஆலயத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள் யார், ஒருவர் கட்டித் தந்த ஆலயம் ஊராரின் ஆலயமாக மாறியதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. பின்னணி: இருக்கைகள் போதவில்லை என்ற கவலை

தொழிற்புரட்சி ஊர்களின் அளவை மாற்றியது. சேகரங்களின் எல்லைகளோ இடைக்காலத்தில் வரையப்பட்டபடியே இருந்தன. ஹாலிஃபாக்ஸ் சேகரம் இங்கிலாந்தின் மிகப் பெரிய சேகரங்களுள் ஒன்று. பல கிராமங்களும் பள்ளத்தாக்குகளும் ஒரே தாய் ஆலயத்தின் கீழ் இருந்தன. ஆலைகள் வந்து மக்கள் குவிந்தபோது அந்த அமைப்பு தாங்கவில்லை.

இது நாடு முழுவதற்குமான சிக்கல். 1818-இல் நாடாளுமன்றம் புதிய ஆலயங்களுக்காகப் பத்து லட்சம் பவுன் ஒதுக்கியது. 1824-இல் மேலும் ஐந்து லட்சம். அதன்பின் அரசின் கை இறுகியது. 1843-ஆம் ஆண்டுச் சட்டம், ஆலயம் கட்டி முடியும் முன்பே புதிய சேகரப் பகுதியை வகுத்துக் குருவானவரை நியமிக்க வழி செய்தது. கட்டும் பணம் தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. கட்டியும் நிதி வைத்தும் கொடுப்பவர், குருவானவரைப் பரிந்துரைக்கும் உரிமையைப் பெறவும் சட்டத்தில் இடம் இருந்தது.

1851 மார்ச் 30-ஆம் நாள் நடந்த மதக் கணக்கெடுப்பு இந்தக் கவலைக்கு எண்களைக் கொடுத்தது. அதன் அறிக்கையை எழுதிய ஹொரேஸ் மான், மக்கள்தொகையில் 58 விழுக்காட்டினருக்கு இருக்கைகள் தேவை என்று கணக்கிட்டார். அன்று வழிபாட்டுக்கு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அரசுத் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதவர்கள் என்பதும், உழைக்கும் மக்கள் பெருமளவில் எந்த ஆலயத்துக்கும் வரவில்லை என்பதும் பேசுபொருளாயின. இருக்கைகளைக் கூட்டினால் மக்கள் வருவார்கள் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். ஹேலி ஹில் ஆலயத்தின் அஸ்திவாரம் இந்த நம்பிக்கையின் உச்சத்தில் போடப்பட்டது.

3. கொடையாளர்

அக்ராய்டு குடும்பம் வர்ஸ்டெட் என்ற கம்பளித் துணி உற்பத்தியில் நாட்டின் பெரிய பெயர்களுள் ஒன்று. தந்தை ஜோனதன் 1847-இல் இறந்தபின் தொழில் எட்வர்டின் கைக்கு வந்தது. குடும்பம் மெதடிஸ்ட் மரபினது. எட்வர்ட் அரசுத் திருச்சபைக்கு மாறியவர். பிறந்து வளர்ந்த சபையை விட்டு வந்தவர் புதிய சபைக்குச் செய்யும் கொடையில் பற்றும் இருக்கும். தன் பற்றை ஊருக்கு நிறுவும் தேவையும் இருக்கும்.

அவர் வளர்ந்த ஹாலிஃபாக்ஸ் அமைதியான ஊர் அன்று. 1842 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் ஊர் ஊராகச் சென்று நீராவிக் கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கி ஆலைகளை நிறுத்தினார்கள். ஹாலிஃபாக்ஸில் அவர்களுக்கும் படையினருக்கும் மோதல் நடந்தது. வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்கு அவ்வூர் வலுவான தளம். 1847 தேர்தலில் அவ்வியக்கத் தலைவர் எர்னெஸ்ட் ஜோன்ஸ் அங்கே வேட்பாளராக நின்றார்.

அக்ராய்டின் பணிகளை இந்தச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். 1849 முதல் காப்லி என்ற இடத்தில் ஆலையை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பு. 1850களின் நடுவில் ஹேலி ஹில்லில் உழைப்பாளர் கல்லூரி. 1859-இல் சிறுசேமிப்புக்கான யார்க்‌ஷயர் பென்னி வங்கி. அதே காலத்தில் ஆலயத்தின் அருகே அக்ராய்டன் என்ற மாதிரிக் குடியிருப்பு. ஆலயம் இந்த வரிசையின் நடுவே நிற்கிறது. அதைத் தனியே பிரித்துப் பக்திக் கதையாகப் படித்தாலும் சரி, அதிகாரக் கதையாகப் படித்தாலும் சரி, படம் பாதிதான் கிடைக்கும்.

அக்ராய்டன் வீடுகளில் இதை நெருங்கிப் பார்க்கலாம். தெருக்களுக்கு யார்க், சாலிஸ்பரி, ரிப்பன் என்று பேராலய நகரங்களின் பெயர்கள். வீடுகள் கோத்திக் பாணியில் வரையப்பட்டன. குடிவர இருந்தவர்களுக்கு அந்தப் பாணி பிடிக்கவில்லை. தருமத்தில் வாழும் முதியோர் விடுதிகளைப் போல இருக்கிறது என்றார்கள். அக்ராய்டு பாணியை மாற்றவில்லை. அவரவர் வீட்டு முகப்பில் அவரவர் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பொறிக்க ஏற்பாடு செய்தார். வீடுகள் வாடகைக்கு விடப்பட்டவை அல்ல. கட்டுமானச் சங்கக் கடன் மூலம் தொழிலாளர் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். சொந்த வீடு என்ற உணர்வைக் கொடுக்க அவர் உண்மையாகவே விரும்பினார். எப்படிப்பட்ட வீடு என்பதைத் தாமே தீர்மானித்தார். அந்த முதலெழுத்துக் கல் இரண்டுக்கும் சாட்சி.

4. கட்டடம்

ஆலயத்தை வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் அவர் வரைந்தது என்பதால் இந்திய வாசகர்களுக்கும் அவர் அந்நியரல்லர். இங்கிலாந்தின் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுக் கோத்திக் பாணியே சரியான கிறிஸ்தவக் கட்டடக் கலை என்று நம்பிய தலைமுறையின் முன்னணிக் கலைஞர். ஹேலி ஹில்லில் அவருக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை. ஜான் பர்னி ஃபிலிப்பின் சிற்பங்கள், கிளேட்டன் அண்ட் பெல், ஹார்ட்மன், வெய்ல்ஸ் ஆகிய பட்டறைகளின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், மின்டன் தரை ஓடுகள், கவென்ட்ரியைச் சேர்ந்த ஸ்கிட்மோரின் இரும்பு வேலைப்பாடு, கார்ன்வால் லிஸார்டு முனையின் பாம்புத்தோல் நிறக் கல்லில் செதுக்கிய ஞானஸ்நானத் தொட்டி என்று அன்றைய கைவினையின் உயர்ந்த தரம் ஒரே கூரைக்கீழ் சேர்ந்தது. கூர்கோபுரம் யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்டு பேராலயத்துக்கு அடுத்த உயரம்.

ஸ்காட் தம் நினைவுக் குறிப்புகளில் (அவர் இறந்தபின் 1879-இல் வெளிவந்தவை) இந்த ஆலயத்தைப் பற்றி எழுதியிருப்பது நம் கேள்விக்கு மிக முக்கியமான சான்று. மொத்தத்தில் தாம் கட்டிய ஆலயங்களில் இதுவே சிறந்தது என்கிறார். கூடவே ஒரு குறையையும் சொல்கிறார்: இவ்வளவு சிறப்பான ஆலயமாக வரும் என்று தொடக்கத்தில் யாரும் நினைக்கவில்லை, ஆகவே முதல் வரைபடம் போதிய விரிவோடு போடப்படவில்லை. கொடையாளரின் தாராளத்தை அவர் மனமாரப் பாராட்டவும் செய்கிறார்.

கலைஞரின் மனக்குறையாக மட்டும் இதைக் கடந்துவிட முடியாது. இந்த ஆலயத்தின் அளவும் அலங்காரமும் சேகரத்தின் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல என்பதற்கு இது கட்டியவரின் சொந்த வாக்குமூலம். இத்தனை பேருக்கு இவ்வளவு இடம் என்று தொடங்கிய பணி, கொடையாளரின் விருப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்ப நடுவழியில் வளர்ந்தது. பணம் பலரிடமிருந்து சிறுசிறு தொகையாக வந்திருந்தால், ஒவ்வொரு கூடுதலுக்கும் யாராவது கணக்குக் கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை.

5. மூன்று விளக்கங்கள்

இத்தகைய கொடைகளை விளக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, பக்தி. தொழிலால் வந்த செல்வத்துக்குக் கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை அக்காலச் செல்வரிடம் வலுவாக இருந்தது. அக்ராய்டின் வாழ்க்கை முழுவதையும் பார்த்தால் அதைப் பொய் என்று தள்ள இயலாது. ஆனால் பக்தி ஏன் 236 அடி உயரம் ஏற வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை.

இரண்டாவது, போட்டி. ஹாலிஃபாக்ஸின் மற்றொரு பெரும் ஆலைக் குடும்பமான கிராஸ்லிகள் தரைவிரிப்பு உற்பத்தியாளர்கள். காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களின் பெரும் ஆதரவோடு எழுந்த ஸ்கொயர் ஆலயம் 1857-இல் முடிந்தது. அதன் கூர்கோபுரம் 235 அடி. அதைவிட ஓர் அடி உயர வேண்டும் என்றே அக்ராய்டு கட்டினார் என்பது ஊரில் வழங்கும் கதை. கதை சுவையானது, சான்று மெலிந்தது. ஸ்கொயர் ஆலயம் தாழ்ந்த பகுதியில் நிற்கிறது. ஹேலி ஹில் மேட்டு நிலம். கோபுரம் பல அடி குறைந்திருந்தாலும் அதன் நுனி எதிராளியின் நுனியைவிட உயர்ந்தே தெரிந்திருக்கும். ஓர் அடி வித்தியாசத்தைத் தெருவில் நிற்பவர் கண்ணால் அறியவும் முடியாது. இரு குடும்பங்களும் ஒருவரையொருவர் கவனித்தே கட்டினார்கள் என்பது நம்பத்தக்கது. பூங்கா, அனாதை இல்லம், தருமக் குடியிருப்பு என்று கிராஸ்லிகளும் நகரை நிறைத்தார்கள். அந்த ஓர் அடியில் மட்டும் முழு விளக்கத்தையும் ஏற்றுவது பொருந்தாது.

மூன்றாவது, சமூகக் கட்டுப்பாடு. கலகம் கண்ட ஊரில் ஆலை, வீடு, பள்ளி, வங்கி, ஆலயம் அனைத்தையும் முதலாளி வழங்கும்போது தொழிலாளியின் வாழ்வு முழுவதும் அவர் கண்பார்வைக்குள் வந்துவிடுகிறது. வடஇங்கிலாந்து ஆலைப் பகுதிகளை ஆராய்ந்த பேட்ரிக் ஜாய்ஸ் (1980), இந்தத் தந்தைமையைத் தொழிலாளர்கள் வெறும் அச்சத்தால் ஏற்கவில்லை, தங்கள் வாழ்வின் இயல்பான பகுதியாகவே உள்வாங்கினார்கள் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே எஃப். எம். எல். தாம்ப்சன், கட்டுப்பாடு என்ற கருத்து மேலிருந்து வந்தவற்றை மிகைப்படுத்துகிறது, உழைக்கும் மக்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட பண்பாட்டைக் காணத் தவறுகிறது என்று மறுத்தார். அக்ராய்டன் வீட்டுக்காரர்களின் முணுமுணுப்பு தாம்ப்சன் பக்கம் பேசுகிறது. பிடிக்காத முகப்புள்ள வீட்டை அவர்கள் வாங்கினார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள்.

மூன்று விளக்கங்களிலும் ஒரு பொதுவான குறை உண்டு. மூன்றுமே கொடையாளரின் மனத்தைத் துருவுகின்றன. கொடையைப் பெற்றவர்கள் அதை வைத்து என்ன செய்ய முடிந்தது என்பதை எதுவும் கேட்கவில்லை.

6. கல்லும் புகையும்

கட்டடத்தின் பின்வரலாற்றைக் கல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்காட் மணற்கல்லோடு மக்னீசியச் சுண்ணாம்புக்கல்லையும் கலந்து பயன்படுத்தினார். வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் செதுக்க இணக்கமானது. ஆனால் நிலக்கரி எரியும் நகரத்தின் காற்றில் கந்தக டைஆக்சைடு நிறைந்திருக்கும். அது மழையோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லை அரிக்கும். விளையும் உப்புகள் கரைந்து வழிந்து அருகிலுள்ள மணற்கல்லின் நுண்துளைகளில் இறங்கி, காய்ந்து, படிகமாகி, கல்லின் மேல்தோலைப் பெயர்க்கும். இரண்டு கற்களும் தனித்தனியே இருப்பதைவிடச் சேர்ந்திருப்பதால் கேடு கூடுகிறது. இதே இனக் கல்லால் லண்டனில் கட்டிய நாடாளுமன்றக் கட்டடம் அந்த நூற்றாண்டிலேயே உதிரத் தொடங்கியது.

ஹாலிஃபாக்ஸ் அன்று ஆலைப் புகைபோக்கிகளின் நகரம். ஆலயத்துக்குப் பணம் தந்த தொழிலே அதன் கல்லைத் தின்ற புகையையும் தந்தது. செதுக்கு வேலை எவ்வளவு நுட்பமோ அவ்வளவு விரைவாக அது சிதையும். 236 அடி உயரத்தில் ஒரு கல் தளர்ந்தால் அதை மாற்றுவதற்கு முன் சாரம் கட்டவே பெருந்தொகை வேண்டும். இத்தகைய பராமரிப்பு ஒரு முறை செய்து முடிக்கிற செலவு அல்ல; தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வருவது.

அந்தச் செலவைத் தாங்கும் வழிகளும் அடைபட்டன. ஆலயப் பராமரிப்புக்கென ஊரார் அனைவரிடமும் வசூலித்த கட்டாய வரி 1868-இல் நீக்கப்பட்டது. அரசுத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அது நீதியான விடுதலை. சேகர ஆலயங்களுக்கோ இனி விருப்பக் காணிக்கை மட்டுமே வருமானம். கொடையாளரின் நிலையும் தாழ்ந்தது. அக்ராய்டுக்குக் குழந்தைகள் இல்லை. தொழில் சரிந்து, உடல் நலிந்து, தம் பேங்க்ஃபீல்டு மாளிகையை 1887-இல் நகராட்சிக்கு 6,000 பவுனுக்கு விற்றார். அதே ஆண்டில் தென்கடற்கரை ஊரொன்றில் காலமானார். லட்சம் பவுன் ஆலயத்தைக் கட்டியவரின் மாளிகை கைமாறிய விலையைப் பார்க்கும்போது, ஒரு தனிமனிதச் செல்வத்தின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பது புலப்படுகிறது. ஆலயத்தின் தேவைகளுக்கு அந்த ஆயுள் போதவில்லை.

7. எதிர்ச் சான்று

இங்கே ஓர் எளிய முடிவுக்குத் தாவும் ஆசை எழலாம்: ஒருவர் கட்டினால் அழியும், பலர் கட்டினால் நிலைக்கும். ஹாலிஃபாக்ஸே அதை மறுக்கிறது. ஸ்கொயர் ஆலயம் சுறுசுறுப்பான ஒரு சபையின் ஆலயம். அதுவும் 1960களின் இறுதியில் கைவிடப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் தீக்கிரையானது. இன்று கோபுரமும் சில சுவர்ப் பகுதிகளுமே மிச்சம். 2017-இல் திறந்த நகர நூலகம் அவற்றை அணைத்தபடி கட்டப்பட்டிருக்கிறது.

ராபின் கில் ‘வெற்று ஆலயம்’ பற்றிய தம் ஆய்வில் (1993) முன்வைத்த வாதம் இங்கே உதவுகிறது. விக்டோரியா காலத்துச் சபைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, வழிபாட்டுக்கு வரக்கூடியவர்களின் எண்ணிக்கையை மீறிக் கட்டின. மக்கள் நம்பிக்கை இழப்பதற்கு முன்பே இருக்கைகள் மிகுந்துவிட்டன. காலி இருக்கைகளும் கடனுமே பின்னர் சரிவை விரைவுபடுத்தின என்கிறார். ஹாலிஃபாக்ஸ் உள்ளிட்ட யார்க்‌ஷயர் ஊர்களை ஆராய்ந்த எஸ். ஜே. டி. கிரீன் (1996), கட்டடக் கடனும் பராமரிப்பும் சபை வாழ்வின் பெரும்பகுதியை விழுங்கியதை விரிவாகக் காட்டுகிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் குற்றம் ஒற்றைக் கொடையாளர் என்ற வடிவத்தில் மட்டும் இல்லை. தாங்கும் சக்தியை மீறிய அளவில் இருக்கிறது.

ஆனாலும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. கடனில் கட்டிய சபையார், கடனை அடைக்கும் முயற்சியிலேயே தங்களை உரிமையாளர்களாக உணர்ந்தார்கள். விற்பனை விழா நடத்தினார்கள், காசு சேர்த்தார்கள், கணக்குப் பார்த்தார்கள். ஹேலி ஹில் சேகரத்தாருக்கு ஆலயம் முழுமையாக முடிந்த நிலையில் கைக்கு வந்தது. விருந்துக்கு வந்தவர் அடுப்பின் செலவைப் பற்றிக் கேட்பதில்லை. சட்டப்படி பிரதிஷ்டைக்குப் பிறகு ஆலயம் கொடையாளருடையது அல்ல. வழக்கப்படியும் மனப்படியும் அது அக்ராய்டின் ஆலயமாகவே நீடித்தது. 1875-இல் நகரின் வடபாலத்தருகே நிறுவப்பட்ட அவருடைய வெண்கலச் சிலை 1901-இல் ஆலயத்தின் அருகே கொண்டுவந்து வைக்கப்பட்டது அந்த எண்ணத்தின் வெளிப்பாடுதான்.

8. மீட்பு

1977-இல் வழிபாடு நின்றபோது ஆலயத்தை இடிப்பதே வழி என்ற பேச்சு எழுந்தது. அதை எதிர்த்து உள்ளூர் அறக்கட்டளையொன்று உருவானது. 1980-இல் ஏற்பட்ட தேசிய மரபு நினைவு நிதியம் உதவியது. சீரமைப்புப் பணிகள் நடந்தன. 1989-இல், வழிபாடு நின்ற ஆலயங்களைக் காக்க 1969-இல் தொடங்கிய நிதியத்தின் பொறுப்பில் அது சேர்ந்தது. இன்று ஆலயப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெயரில் இயங்கும் அந்நிறுவனத்தை அரசும் திருச்சபையும் சேர்ந்து தாங்குகின்றன. அக்ராய்டின் முன்முயற்சியில் எழுந்த காப்லி ஆலயமும் இப்போது அதன் பராமரிப்பில்தான் உள்ளது.

நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, சபையின் காணிக்கையால் தாங்க முடியாததைப் பொது நிதி ஏற்றது. இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. அந்தச் செதுக்கல்களும் கண்ணாடிகளும் இன்று யாராலும் திரும்பச் செய்ய முடியாதவை. பெயர் பதியாத நூற்றுக்கணக்கான கல்தச்சர்களின் உழைப்பு அங்கே நிற்கிறது. அதைக் காப்பது பொதுக் கடமை. ஒருவரின் கொடை கடைசியில் எல்லோருடைய செலவாக மாறியது என்பதையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

9. முடிவு

அக்ராய்டின் தாராளத்தை ஐயுறத் தேவையில்லை. அவர் நோக்கங்கள் கலப்பானவை, மனித நோக்கங்கள் பெரும்பாலும் அப்படியே. சான்றுகள் சேர்ந்து உணர்த்துவது இது: ஆலயத்தின் அளவைச் சேகரம் தீர்மானிக்கவில்லை, பாணியையும் கல்லையும் அது தேர்ந்தெடுக்கவில்லை, பாரம் மட்டும் அதன் தோளில் இறங்கியது. முடிவெடுக்கும் உரிமை ஓரிடத்திலும் பராமரிக்கும் பொறுப்பு வேறிடத்திலும் இருந்ததே இதன் மையச் சிக்கல்.

எனவே கொடையாளர் கட்டிய ஆலயங்களின் வரலாற்றை எழுதுவோர் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும். கட்டடத்தின் அளவு யாருடைய தேவையால் முடிவானது? கொடையோடு பராமரிப்புக்கான ஏற்பாடு எந்த அளவுக்கு வந்தது? பெற்றவர்களுக்கு மறுக்கவும் மாற்றவும் இடம் இருந்ததா? ஆலயத்துக்கு மட்டுமன்றிச் செல்வர் பொதுமக்களுக்குக் கட்டித்தரும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் இக்கேள்விகள் பொருந்தும். திறப்புவிழாக் கல்வெட்டில் கொடையாளர் பெயர் இருப்பது முறைதான். பராமரிப்புக் கணக்கேடுகளில் இருக்கும் பெயர்களுக்கும் வரலாற்றில் அதே இடம் தரப்பட வேண்டும்.